அம்மாவின் இரண்டு முழங்கால்கள்

போன மாதம் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு தங்கச்சி என்னை மறித்துக் கேட்டாள்: "அண்ணா, எனக்கு பயோலஜியும் விருப்பம், கொம்பியூட்டரும் விருப்பம். வீட்டில ஒண்டைத்தான் எடுக்கச் சொல்லுகினம். எதை எடுக்கிறது?"

வயது பதினேழு. ஜிம்னாசியத்தில் கடைசி வருடம். கார் வெளிக்கிடும் அவசரத்தில் நான் ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். "ரெண்டையும் எடுக்கலாம் தங்கச்சி" என்று சொன்னதாக ஞாபகம். அது பதில் இல்லை. எப்படி எடுக்கலாம், ஏன் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லையே. இந்தப் பதிவு அவளுக்கான சரியான பதில். அதைச் சொல்ல எனக்கு அம்மாவின் முழங்காலில் இருந்துதான் தொடங்கத் தெரியும்.

அம்மா டென்மார்க்குக்கு வந்தது 1987இல். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் உயிரியல் படித்தவர். இங்கே வந்து யூலாண்டில் ஒரு சிறிய ஊரில் முதலில் தொழிற்சாலையில் பெட்டி கட்டினார், பிறகு முப்பது வருடத்துக்குக் கிட்ட பாடசாலைகளையும் அலுவலகங்களையும் துப்புரவு செய்தார். நிலம் துடைத்துத் துடைத்து இரண்டு முழங்காலும் தேய்ந்து போயின. 2019 வசந்த காலத்தில் வலது முழங்காலை மாற்றும் சத்திரசிகிச்சை நடந்தது.

சத்திரசிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. அன்றிரவுதான் பிரச்சினை. நோவுக்கு மோர்பின் கொடுத்தார்கள். நோ குறைந்தது, ஆனால் சத்தி நிற்கவில்லை. உடம்பெல்லாம் கடி. பிறகு மூச்சு மெதுவாகத் தொடங்கியது. ஆரோக்கியமான ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். தாதி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். ஒன்பது. ஒட்சிசன் வைத்தார்கள், மோர்பினைக் குறைத்தார்கள். குறைத்ததும் நோ திரும்பி வந்துவிட்டது.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நோவெண்டால் தாங்குவன். உந்தச் சத்தியும் மயக்கமும் தாங்கேலாது. இனி உந்த மருந்து எனக்கு வேண்டாம் எண்டு சொல்லு."

தாதி செய்தது எல்லாம் சரிதான். மருந்தின் குணம் அது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி விடாமல் குடைந்தது. நோவை மட்டும் நிறுத்தி, மூச்சைத் தொடாமல் விடுகிற ஒரு மருந்தை ஏன் இத்தனை காலமாக யாரும் செய்யவில்லை? நான் படித்தது பொறியியல். வேலை, நிறுவனங்களின் தரவுகளை ஒன்றாக இணைத்துக் கொடுப்பது. மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மா தூங்கிய பிறகு, கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபடி போனில் தேடத் தொடங்கினேன்.

தேடக் கிடைத்த முதல் சொல் ரிசெப்டர். அடுத்த நாள் காலையில் அம்மாவிடம் அதை விளக்கப் பார்த்தேன். நான் திக்கித் திணறுவதைப் பார்த்துவிட்டு அவர், "வாங்கியைச் சொல்லுறியோ?" என்று கேட்டார். "நாங்கள் அப்பிடித்தான் படிச்சனாங்கள். கலத்தின்ர மென்சவ்வில இருக்கும். சமிக்ஞையை வாங்கி உள்ளுக்குக் குடுக்கும்." முப்பது வருடமாகத் துடைப்பம் பிடித்த கையால் காற்றில் ஒரு கலத்தை வரைந்து காட்டினார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

சரி, வாங்கி. நமது கலங்களின் மேற்பரப்பில் பல வகை வாங்கிகள் இருக்கின்றன. அவற்றில் பெரிய குடும்பம் ஒன்று மென்சவ்வை ஏழு தடவை ஊடுருவி வளைந்து வளைந்து போகும். ஜிபிசிஆர் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மனிதரில் ஏறத்தாழ 800 வகை இருக்கின்றன. அவற்றில் பாதியளவு மணம் அறிவதற்கானவை. அட்ரினலின், டோபமின், ஹிஸ்டமின் எல்லாம் கதவு தட்டுவது இந்தக் குடும்பத்தில்தான். அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவற்றைக் குறிவைத்தே வேலை செய்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கும். அப்பாவின் பிரஷர் குளிசை லொசார்டன் என்றால் அதுவும் இதுதான். வசந்த காலத்தில் தும்மலுக்குப் போடும் செட்டிரிசினும் இதுதான். மோர்பின் போய் ஒட்டுவது மியூ ஓபியாய்டு வாங்கி என்ற ஒன்றில்.

முன்பு இந்த வாங்கியை மின்விளக்குச் சுவிட்ச் மாதிரி நினைத்தார்கள். போட்டால் எரியும், நிறுத்தினால் அணையும். பிறகுதான் விளங்கியது, ஒரு சுவிட்சுக்குப் பின்னால் பல வயர்கள் போகின்றன என்று. உள்ளே ஜி-புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் ஆல்ஃபா பகுதிக்கு மனிதரில் 16 மரபணுக்கள், நான்கு குடும்பங்கள். அவற்றோடு அரெஸ்டின்கள் நான்கு. அவற்றில் இரண்டு கண்ணுக்கானவை, மற்ற இரண்டும் பீட்டா-அரெஸ்டின்கள். ஒரு மருந்து வாங்கியில் ஒட்டும்போது இந்த வயர்களில் எதையும் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு மருந்து, ஒப்பிட எடுத்த இன்னொரு மருந்தைவிட ஒரு பாதையை அதிகமாகத் தூண்டி மற்றதைக் குறைவாகத் தூண்டினால் அதைப் பக்கச்சார்பான சமிக்ஞை என்று சொல்கிறார்கள். "ஒப்பிட எடுத்த" என்ற சொல்லை ஞாபகம் வைத்திருங்கள். இந்தக் கதையின் முழுச் சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

அந்த இரவில் நான் படித்தது இதுதான். 1999இல் லோரா போன், ரொபர்ட் லெஃப்கோவிட்ஸ், மார்க் காரோன் முதலானோர் பீட்டா-அரெஸ்டின் 2 இல்லாத எலிகளுக்கு மோர்பின் கொடுத்துப் பார்த்தார்கள். நோ நீக்கம் கூடுதலாகவும் நீண்ட நேரமும் இருந்தது. 2005இல் போனின் குழு, அப்படிப்பட்ட எலிகளில் மூச்சு மந்தமாவதும் மலச்சிக்கலும் குறைவு என்று எழுதியது. ஆக, கணக்கு நேராகத் தெரிந்தது: ஜி-புரத வயர் நோவை நிறுத்துகிறது, அரெஸ்டின் வயர் மூச்சைக் கெடுக்கிறது. முதலாவதை மட்டும் தூண்டுகிற ஒரு மருந்தைச் செய்தால் போதும். அப்படி ஒன்று ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது, பெயர் ஒலிசெரிடின். 2018 ஒக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 8க்கு 7 என்ற வாக்கில் அதற்கு எதிராக முடிவெடுத்திருந்தது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசம்! அடுத்த மாதம் அனுமதியும் மறுக்கப்பட்டது.

நான் அம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, மற்ற முழங்காலுக்கு முதல் புது மருந்து வந்திடும். இதில மூச்சுப் பிரச்சினை வராது." அவர் சிரித்தார். எவ்வளவு நம்பினார் என்று தெரியாது. ஆனால் நான் நம்பினேன்.

2020 ஓகஸ்டில் ஒலிசெரிடினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அன்று வேலையிலிருந்தே அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அப்பா எடுத்தார். "வந்திட்டுது எண்டு சொல்லுங்கோ" என்றேன். எது வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

அன்று பின்னேரம் அந்த மருந்தின் அறிவுறுத்தலைத் தேடி வாசித்தேன். மற்ற ஓபியாய்டு மருந்துகளுக்குப் போலவே மூச்சு மந்தமாகும் என்ற எச்சரிக்கை கட்டம் கட்டிப் போடப்பட்டிருந்தது. பிறகு இன்னும் தேடினேன். அதே 2020இல் ஜேர்மனியின் யேனா, பிரித்தானியாவின் பிரிஸ்டல், அவுஸ்திரேலியாவின் சிட்னி ஆகிய மூன்று இடங்களில் உள்ள ஆய்வுகூடங்கள் சேர்ந்து பழைய எலிப் பரிசோதனையைத் திரும்பச் செய்திருந்தன. பீட்டா-அரெஸ்டின் 2 இல்லாத எலிகளிலும் மோர்பின் மூச்சை மந்தமாக்கியது. மூன்று கண்டங்களில் இல்லாவிட்டாலும் மூன்று நாடுகளில், ஒரே முடிவு.

எனக்கு அன்று வந்தது கோபமா, வெட்கமா என்று இப்போதும் தெரியவில்லை. விஞ்ஞானிகள் மேல் கோபம் இல்லை. ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்துபார்த்துத் திருத்துவதுதான் விஞ்ஞானம். பாதி படித்துவிட்டு, நோவோடு படுத்திருந்த ஒருவரிடம் போய் உறுதி கொடுத்தது நான். அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

சொன்னபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அப்ப முதல் எப்பிடி அப்பிடித் தெரிஞ்சது?"

நல்ல கேள்வி. எலிகளில் ஏன் வித்தியாசமான முடிவு வந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் புது மருந்துகள் ஏன் ஒரு பக்கம் சாய்ந்தவை போலத் தெரிந்தன என்பதற்கு 2020இல் சிட்னி ஆய்வாளர்களும் வேறு சிலரும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அதை உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துச் சொல்கிறேன்.

வாணி விழா மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மேடையில் இரண்டு மைக். இடது மைக் பெரிய அம்பிளிஃபையரில் மாட்டியிருக்கிறது. வலது மைக்கில் பெருக்கமே இல்லை. இப்போது உரத்த குரலுள்ள ஒரு பிள்ளை நடுவில் நின்று பேச்சுப் போட்டிக்குப் பேசுகிறது. இடது ஸ்பீக்கர் அதன் உச்சத்தில் அலறும். வலதும் நன்றாகக் கேட்கும். அடுத்து மெல்லிய குரலுள்ள பிள்ளை வருகிறது. அதுவும் அதே நடுவில்தான் நிற்கிறது. இடது ஸ்பீக்கரில் உச்சத்துக்குக் கிட்டக் கேட்கிறது. வலதில் ஒன்றுமே இல்லை. பின்வரிசையில் இருக்கும் மாமா என்ன நினைப்பார்? "இந்தப் பிள்ளை இடது மைக்குக்குள்ள மட்டும் பேசுது" என்றுதானே. பிள்ளை ஒரு பக்கமும் சாயவில்லை. குரல் மெல்லியது, அவ்வளவுதான்.

ஆய்வுகூடக் கலங்களிலும் அப்படித்தான். ஜி-புரதப் பாதையை அளக்கும் முறைகள் பலவற்றில் சமிக்ஞை பல மடங்கு பெருகும். அரெஸ்டினை அளக்கும் முறைகளில் பெரும்பாலும் பெருக்கம் இல்லை. மெல்லிய குரல் மருந்து ஒன்று அதில் போனால் பக்கச்சார்பானது போலவே தெரியும். ஒலிசெரிடின் முதலான புது மருந்துகள் மெல்லிய குரல்கள்தான், அதனால்தான் பக்கவிளைவும் கொஞ்சம் குறைவு என்பது அவர்களின் வாதம். லோரா போனின் ஆய்வுகூடம் அதற்கு மறுப்பும் எழுதியது. மெல்லிய குரல் என்ற ஒன்றை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது என்று. விவாதம் முடியவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு மருந்து ஞாபகம் வரவில்லை. என்னுடைய பழைய பிழை ஒன்று ஞாபகம் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கியிருந்தது. இரண்டு களஞ்சியங்களின் கணக்கையும் ஒரே அட்டவணையில் சேர்ப்பது என் பொறுப்பு. இரண்டிலும் ஒரு நிரலின் பெயர் "அன்டால்". டேனிஷில் எண்ணிக்கை. பெயர் ஒன்று, இரண்டிலும் முழு எண்கள், எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. சேர்த்துவிட்டேன். ஒரு களஞ்சியம் எண்ணியது தனிப் பொருட்களை. மற்றது எண்ணியது பெட்டிகளை. ஒரு பெட்டிக்குள் 24. இருக்கிற சாமானை இல்லை என்று நினைத்து லொறிக் கணக்கில் வாங்கிப் போட்டார்கள். என் மேலாளர் திட்டவில்லை. "எண்ணை வாசிச்சாய், எண்ணுக்குப் பின்னால இருக்கிறதை வாசிக்கேல்லை" என்ற கருத்தில் டேனிஷில் ஏதோ சொன்னார். அது திட்டைவிட மோசம்.

பக்கச்சார்பு ஆய்விலும் அதே சிக்கல்தான், இன்னும் பெரிதாக. ஒரு கட்டுரையில் மியூ வாங்கிக்கு ஒரு எண். இன்னொரு கட்டுரையில் அதே வாங்கிக்கு, அதே மருந்துக்கு வேறொரு எண். எந்தக் கலத்தில் அளந்தார்கள்? ஒரு கலத்தில் எத்தனை வாங்கிகள் இருந்தன? ஐந்து நிமிடத்தில் அளந்தார்களா, ஒரு மணித்தியாலத்திலா? ஜி-புரதத்தை நேரடியாக அளந்தார்களா, அல்லது அதற்குக் கீழே பல படிகள் தள்ளி, இரண்டு பாதைகளும் வந்து சேருகிற ஓர் இடத்தில் அளந்தார்களா? எந்த மருந்தோடு ஒப்பிட்டார்கள்? இதெல்லாம் தெரியாமல் இரண்டு எண்ணையும் ஒரு நிரலில் போட்டால், பொருளையும் பெட்டியையும் கூட்டின கதைதான்.

இதைச் சரிசெய்வதற்கு ஆட்கள் பல வருடங்களாக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதில் முக்கியமான ஓர் இடம் நான் படித்த நகரத்திலேயே இருக்கிறது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகம்.

ஜிபிசிஆர்-டிபி என்ற பொதுத் தரவுத்தளம் 1990களின் முற்பகுதியில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலரால் தொடங்கப்பட்டது. பல வருடம் நெதர்லாந்தில் ஹெர்ட் ஃப்ரீண்ட் என்பவர் முன்னின்று நடத்தினார். 2013இல் அது கோபன்ஹேகனில் டேவிட் குளோரியமின் குழுவுக்குக் கைமாறியது. வாங்கிகளின் வரிசைகள், முப்பரிமாண அமைப்புகள், மாற்றங்கள், மருந்துகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. யாரும் போய்ப் பார்க்கலாம், இறக்கலாம். காசு இல்லை. மூலநிரலும் திறந்ததுதான். ஒரு சனிக்கிழமை அதைத் திறந்து பார்த்தேன். பைத்தன், ஜாங்கோ. நான் தினமும் வேலையில் எழுதுகிற அதே மொழி! பயோலஜி என்றால் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குழாயும் என்று நினைத்திருந்த எனக்கு, அன்று அது தெரிந்த வீடு மாதிரி இருந்தது.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது ஒரு எளிய விஷயம், விலாசம். ஒவ்வொரு வாங்கியும் வெவ்வேறு நீளம். ஒன்றில் 147ஆவது இடத்தில் இருக்கிற அமினோ அமிலம் இன்னொன்றில் வேறு இலக்கத்தில் இருக்கும். அப்படியென்றால் எப்படி ஒப்பிடுவது? 1995இல் பலஸ்டெரோஸ், வைன்ஸ்டைன் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். ஏழு சுருள்களில் ஒவ்வொன்றிலும் எல்லா வாங்கிகளிலும் ஏறத்தாழ மாறாமல் இருக்கிற ஓர் இடத்துக்கு 50 என்று இலக்கம் கொடு. மற்றவற்றை அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணு. அந்தக் கணக்கில் 3.32 என்றால் மூன்றாம் சுருளில், ஐம்பதுக்குப் பதினெட்டு இடம் முன்னால். ஓபியாய்டு, டோபமின், அட்ரினலின் வாங்கிகளில் அந்த இடத்தில் இருப்பது ஒரே அமிலம், அஸ்பார்ட்டிக் அமிலம். மருந்து வந்து கைகொடுக்கிற முக்கியமான இடம் அது. ஒரு பொது விலாசம் கிடைத்ததும் தூரத்துச் சொந்தங்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்று தெரிந்துவிட்டது.

வாங்கிகளுக்கு விலாசம் வந்தது. ஜி-புரதங்களுக்கு? 2015இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஒரு குழு அதற்கும் ஒரு பொது இலக்கமுறையைச் செய்தது. 2017இல் அந்தக் குழுவும் கோபன்ஹேகன் குழுவும் சேர்ந்து, எந்த வாங்கி எந்த ஜி-புரதத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கான இடங்களைத் தேடி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டன. கேம்பிரிட்ஜ் குழுவின் தலைவர் மதன் பாபு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தவர். இப்போது அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் இருக்கிறார். அவருடைய வேலையில் பெரும் பகுதி கணினியில், மற்றவர்கள் வெளியிட்ட தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. தங்கச்சி, இந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்கவும்.

வாங்கிகளுக்கும் ஜி-புரதங்களுக்கும் இடையிலான உறவைப் பெரிய அளவில் அளந்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் இனோவேயின் குழு 2019இல் 148 வாங்கிகளை ஒரு முறையால் அளந்து வெளியிட்டது. கனடாவில் பூவியேயின் குழு 2022இல் 100 வாங்கிகளை வேறொரு முறையால் அளந்து வெளியிட்டது. இரண்டும் நல்ல வேலை. ஆனால் சில இடங்களில் ஒன்று "ஓம்" என்கிறது, மற்றது "இல்லை" என்கிறது. கோபன்ஹேகன் குழு இரண்டையும் நிபுணர்கள் தொகுத்த பழைய பட்டியலையும் எடுத்து, ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இல்லை என்று ஒரு பொது வரைபடம் செய்தது. பெட்டியைப் பொருளாக மாற்றும் வேலை. எனக்கு நன்றாகத் தெரிந்த, ஒருவரும் கைதட்டாத வேலை.

பக்கச்சார்புக்கும் அதே வழி. 2022இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, மருந்தியலாளர்களின் சர்வதேச ஒன்றியத்தோடு ஒரு வழிகாட்டியை வெளியிட்டார்கள். அதன் சாரம் நமது ஆச்சிமாருக்கே தெரிந்ததுதான்: ஒருவனை நெட்டை என்று சொன்னால் யாரை விட என்று சொல்ல வேண்டும். உடம்பே சுரக்கிற இயற்கைப் பொருளோடு ஒப்பிட்டாயா? இரண்டு பாதைகளையும் சமமாகத் தூண்டுகிற ஒன்றோடு ஒப்பிட்டாயா? இரண்டும் வேறு வேறு கேள்விகள், வேறு வேறு பெயர்கள் கொடு. எந்தப் பாதை, எந்தக் கலம், எந்த நேரம் என்று எழுது.

2023இல் அந்த வழிகாட்டியின்படி ஒரு பொது அட்லஸ் வந்தது. பக்கச்சார்பான சமிக்ஞை பற்றிய கட்டுரைகளில் சிதறிக் கிடந்த அளவீடுகளை எடுத்து, ஒவ்வொன்றோடும் அதன் பின்னணியைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒப்பிடும் மருந்தை நீங்களே மாற்றலாம். மாற்றினால் கணக்கும் மாறும். நேற்றுவரை பக்கச்சார்பானது என்று சொல்லப்பட்ட ஒரு மருந்து, ஒப்பீட்டை மாற்றியதும் சும்மா நடுவில் வந்து நிற்கலாம். முதல் தடவை இதை விளங்கிக்கொண்டபோது, கதிரையில் இருந்தபடி போனில் தேடிய அந்த இரவு ஞாபகம் வந்தது. அன்றைக்கு இது இருந்திருந்தால் நான் அம்மாவிடம் அந்த உறுதியைக் கொடுத்திருக்க மாட்டேன். குறைந்தது, "யாரை விட?" என்று கேட்டிருப்பேன்.

இதனால் நாளைக்கே புது மருந்து வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவை அப்படிச் சொல்லிப் பட்டது போதும். ஒரு தரவுத்தளம் மருந்து ஆகாது. ஆனால் பொருளையும் பெட்டியையும் கூட்டி, ஆட்கள் வருடக்கணக்காக ஒரு பிழையான வழியில் போவதை அது குறைக்கும். மருந்து ஆராய்ச்சியில் ஒரு வருடம் பிந்துவது என்றால், எங்கோ கட்டிலில் கிடக்கும் ஒருவர் இன்னொரு வருடம் பழைய மருந்தோடு சத்தி எடுப்பார் என்று அர்த்தம்.

2023 இலையுதிர் காலத்தில் அம்மாவின் இடது முழங்காலுக்கு நாள் வந்தது. காரில் போகும்போது கேட்டார்: "தம்பி, நீ சொன்ன அந்தப் புது மருந்து?"

"இல்லை அம்மா. வரேல்லை."

"பரவாயில்லை. நீ அண்டைக்குச் சந்தோஷமாச் சொன்னனி. அதுக்காகத்தான் சிரிச்சனான்."

எனக்குக் கண் கலங்கியது. வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

வைத்தியசாலையில் மயக்க மருந்து வைத்தியர் வந்தார். எங்களிடம் ஒன்றும் கேட்க முதலே அம்மாவின் பழைய குறிப்புகளைத் திரையில் திறந்தார். இந்த நாட்டில் 1968இலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் இலக்கம் இருக்கிறது. நீங்கள் எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் உங்கள் கதை அந்த இலக்கத்தின் பின்னால் வரும். 2019இல் அந்த இரவுத் தாதி எழுதியது அங்கே இருந்தது. நேரம், மோர்பினின் அளவு, சத்தி, மூச்சு ஒன்பது. எண் மட்டும் இல்லை. எண்ணுக்குப் பின்னால் இருக்கிறதையும் அவர் எழுதி வைத்திருந்தார்.

வைத்தியர் அதை வாசித்துவிட்டு, இந்த முறை முழங்காலுக்குப் போகும் நரம்பை விறைக்க வைப்போம், அதோடு பரசிட்டமோல் ஒழுங்காகக் கொடுப்போம், சத்திக்கு முன்கூட்டியே மருந்து, மோர்பின் தேவைப்பட்டால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக என்றார். எல்லாம் பழைய மருந்துகள். ஒன்றும் புதிதில்லை. அம்மாவுக்கு அன்றிரவு நோ இருந்தது, தாங்கக்கூடிய நோ. சத்தி ஒரு தடவைதான். நான் பக்கத்தில் இருந்து என் போன் கடிகாரத்தில் மூச்சை எண்ணினேன். பதின்நான்கு. திரும்பவும் எண்ணினேன். பதின்மூன்று.

காலையில் அம்மா கண் திறந்து, "என்ன, இரவு முழுக்க எண்ணிக்கொண்டிருந்தனியோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"எங்கயும் எழுதி வச்சனியோ?"

எழுதவில்லை. அன்றிலிருந்து எழுதுகிறேன்.

தங்கச்சி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பயோலஜியா, கொம்பியூட்டரா என்று நீ கேட்டாய். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஆட்கள் மிகக் குறைவு. ஒரு வாங்கி எப்படி வேலை செய்கிறது என்றும் தெரிந்து, ஒரு அட்டவணையில் இரண்டு "அன்டால்" எப்படிச் சண்டை பிடிக்கும் என்றும் தெரிந்தவர்கள் வேண்டும். இங்கே உயிர்த்தகவலியல் என்ற பெயரில் படிக்கலாம். அல்லது உயிரியல் படித்துக்கொண்டு பைத்தன் பழகலாம், கணினி படித்துக்கொண்டு மருந்தியல் பாடம் ஒன்று எடுக்கலாம். எந்தப் பக்கத்தால் வந்தாலும் அந்த நடு இடத்துக்கு வந்து சேரலாம். பல்கலைக்கழக அனுமதி வரும் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. ஜிபிசிஆர்-டிபியை இன்றிரவே திறந்து, வீட்டில் அப்பாவோ அம்மாவோ போடுகிற ஒரு குளிசையின் பெயரை அடித்துத் தேடிப் பார். அது எந்தக் கதவைத் தட்டுகிறது என்று கண்டுபிடி. பிறகு சமையலறைக்குப் போய் அவர்களிடம் தமிழில் சொல்லிப் பார்.

திக்கினால் பரவாயில்லை. யார் கண்டது, அவர்களுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.